செவிட்டுக் கோபுரத்தின் பீரங்கிக் குண்டு

அத்தியாயம் ஐந்து

கிரெமென்ஸ்க் கோட்டையை எந்த எதிரியும் இதுவரை பிடித்ததில்லை. ஊர் எல்லைப் பலகையிலும் பாலாடைக்கட்டி உறையிலும் பொதுக்கழிப்பறைச் சுவரிலும் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். காரணத்தை மட்டும் எங்கும் எழுதவில்லை.

காரணம் கிளெப்புக்குத் தெரியும். கோட்டையைப் பிடிக்கப் புறப்பட்ட போலந்துப் படை சதுப்பு நிலத்தில் வழி தவறிப்போய் வேறு ஊரைப் பிடித்துக்கொண்டது. இதை ஒரு சுற்றுலாக் கூட்டத்திடம் உற்சாகமாகச் சொன்ன அன்று மாலையே அவனுடைய வழிகாட்டி வேலை போயிற்று. மறுநாள் ஸோயா மக்காரவ்னாவின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தான். உண்மை பேசினால் சம்பளம் தரும் இடம் ஊரில் அது ஒன்றுதான். அதுவும் தாமதமாகத் தரும்.

எதிரியால் முடியாததை நேற்று உள்ளூர்க்காரன் எவனோ செய்துவிட்டான். கோட்டையின் செவிட்டுக் கோபுரத்தில், போலந்துப் பீரங்கி பாய்ச்சிய நாள் முதல் சுவரில் பதிந்திருப்பதாகச் சொல்லப்படும் இரும்புக் குண்டைக் காணோம். ஞாயிற்றுக்கிழமை ஊரின் பிறந்தநாள் விழா. மாஸ்கோவிலிருந்து ஒரு நிபுணர் வந்து அந்தக் குண்டைப் பரிசோதிப்பார். அவர் தலையசைத்தால் ஊருக்கு 'முற்றுகைப் புகழ் நகரம்' என்ற பட்டம். இப்போது தலையசைப்பதற்கு ஓர் ஓட்டைதான் பாக்கி.

காவலாளி தீகனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை காலை அவரை மாவட்டச் சிறைக்கு ஏற்றுவார்கள். கோட்டைச் சுவரோரம் அவர் குடியிருக்கும் காவலாளி வீட்டையும் அன்றே காலி செய்ய வேண்டும்.

அவர் மனைவி பெலகேயா காலையிலேயே அலுவலகத்துக்கு வந்திருந்தாள். முட்டைக்கோஸ் திணித்துச் சுட்ட பிரஷ்கி ரொட்டிகளை ஒரு பெரிய இரும்புத் தட்டு நிறையக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"என் மனுஷனை வெளிய கொண்டுவாங்க. அவர் வர்ற வரைக்கும் இந்தத் தட்டு காலியாகாது."

"வேகமாக் கண்டுபிடிச்சா எங்களுக்கு நஷ்டம் போலிருக்கே," என்றான் கிளெப். ஸோயா மக்காரவ்னா அவன் காலை மிதித்தார்.

*

செவிட்டுக் கோபுரத்துக்கு ஊர்ப்பக்கம் ஒரு சன்னல்கூடக் கிடையாது. உள்ளே யார் கத்தினாலும் ஊருக்குக் கேட்காது, ஊர் கத்தினாலும் உள்ளே கேட்காது. நகராட்சி அலுவலகத்தை இங்கேயே வைத்திருக்கலாம் என்பது கிளெப்பின் நெடுநாள் கருத்து.

போலீஸ் கேப்டன் துப்கின் முக்காலியில் உட்கார்ந்து, ஓட்டைக்குக் காவல் இருந்தார். கிளெப்போடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அன்றைக்கும் விடைத்தாளை மறைத்துக்கொண்டேதான் எழுதுவார், விடை தெரியாத நாளிலும்.

"பூட்டு உடையல," என்றார் கேப்டன். "சாவி தீகன்கிட்ட. குண்டு ரெண்டு பூது எடை, முப்பது கிலோவுக்கு மேல. அதை ஒத்தக் கையால தூக்குற ஆளு இந்த ஊர்லயே தீகன் ஒருத்தன்தான். முடிஞ்சுது கேஸ்."

அதில் உண்மை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தீகன் அந்தக் குண்டை ஓட்டையிலிருந்து உருவி, ஒற்றைக் கையால் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். சுற்றுலாக்காரர்கள் கைதட்டுவார்கள். வேறு எவரையும் தொட விடமாட்டார். கல்யாணம் நிலைக்க வேண்டும் என்று வரும் மணப்பெண்கள்கூட விரல் நுனியால் மட்டுமே தொடலாம்.

"சாவி தீகன்கிட்டயா? வாசல்ல ஜெரேனியம் தொட்டிக்கு அடியில இல்ல இருக்கும்?" என்றான் கிளெப்.

"அது உனக்கு எப்படிடா தெரியும்?"

"ஊருக்கே தெரியும். அன்னிக்கு வழி தவறாம வந்திருந்தா போலந்துக்காரனுக்கும் தெரிஞ்சிருக்கும்."

ஸோயா மக்காரவ்னா அதைக் காதில் வாங்கவில்லை. ஐம்பது வயது, அகலமான தோள், எந்தப் பருவத்திலும் அதே மழைக்கோட்டு. ஒரு காலத்தில் காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்துகளைப் பரிசோதித்தவர். எரிந்த வீட்டைப் பார்த்து எரித்தவனின் விலாசம் சொல்வார். பெரும்பாலும் அதே விலாசமாகத்தான் இருக்கும்.

"தீகன் ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டார்.

"திருடலன்னுதான் சாதிக்கிறான். ஆனா, 'உன்னைத் தவிர வேற எவனாலயாவது இதைத் தூக்க முடியுமா'ன்னு கேட்டேன். 'எவனாலயும் முடியாது'ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு எழுதிக் கையெழுத்தே போட்டுட்டான்."

"நெஞ்சை நிமித்திக்கிட்டா?"

"சட்டைப் பொத்தான் தெறிச்சு என் டீயில விழுந்துச்சுங்க."

ஸோயா மக்காரவ்னா அந்தப் பொத்தானைப் பற்றிச் சற்று நேரம் யோசிப்பதுபோலத் தெரிந்தது. பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

விழாவுக்காக முந்தாநாள்தான் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கூரையில் ஒட்டியது பாதி, மீதி அறை முழுவதும் வெள்ளைத் தூளாகப் படிந்திருந்தது. மண் தரை சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிக் களியாகக் கிடந்தது. போலீஸ்காரர்களின் பூட்ஸ் தடங்கள் அதில் ஆழமாகப் பதிந்திருந்தன. எதிர்ச்சுவரில், மணப்பெண்கள் முக்காட்டைச் சரிசெய்வதற்காக மாட்டிய பழைய நிலைக்கண்ணாடி. அதன்மேலும் சுண்ணாம்பு அப்பியிருந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் யாரோ கையால் துடைத்திருந்தார்கள்.

"இது உங்க ஆளுங்க வேலையா?" என்றார் ஸோயா மக்காரவ்னா.

"இல்லீங்க. நாங்க வரும்போதே இப்படித்தான். எவனோ மூஞ்சி பாத்திருக்கான்."

"முப்பது கிலோவைத் திருடிட்டு ஓடுறவன் நின்னு மூஞ்சி பாப்பானா? கிளெப், காலையில நீ குடையை மறந்துட்டுப் பாதி வழியில திரும்பி வந்தியே. வந்து என்ன பண்ணின?"

"குடையை எடுத்தேன்."

"அப்புறம்?"

"கண்ணாடியில மூஞ்சியைப் பாத்தேன். பாக்காம எப்படிங்க வெளிய போறது? மறந்த பொருளுக்காகத் திரும்பினவன் கண்ணாடி பாக்காம கிளம்பினா, போற காரியம் விளங்குமா?"

"நான் நாக்கையும் நீட்டிக் காட்டிட்டுத்தான் போவேன்," என்றார் கேப்டன். "எங்கம்மா பழக்கிவிட்டது."

"தெரியும்," என்றான் கிளெப். "ரோந்து வண்டிக் கண்ணாடியில பாத்திருக்கேன். நமக்குத்தான் காட்டுறீங்களோன்னு நினைச்சேன்."

"அப்போ ரெண்டு பேரும் கேளுங்க," என்றார் ஸோயா மக்காரவ்னா. "திருடன் குண்டை எடுத்துக்கிட்டு வெளிய போயிருக்கான். எதையோ மறந்து வெச்சுட்டோம்னு ஞாபகம் வந்திருக்கு. திரும்பி வந்திருக்கான். நல்ல ஊர்க்காரன், கண்ணாடி பாக்காம போக மனசு வரல. சுண்ணாம்பைத் துடைச்சுப் பாத்துட்டுப் போயிருக்கான். எதை மறந்தான்?"

சுவரோர மரப்பெஞ்சில் அதற்கும் தடயம் இருந்தது. வெள்ளைத் தூளில் ஒரு சுத்தமான வடிவம். ஒருபக்கம் உருண்டை, மறுபக்கம் கூர். நீளம் ஒரு தொட்டிலளவு.

"யாரோ ராட்சச இஸ்திரிப்பெட்டியை வெச்சுட்டுப் போயிருக்காங்க," என்றான் கிளெப். பிறகு கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றான். துடைத்த இடம் அவன் நெஞ்சு மட்டத்தில் தொடங்கியது. "ஆள் குள்ளம்ங்க. என் மூஞ்சி இதுல தெரியணும்னா நான் மண்டி போடணும்."

"குள்ளம்!" கேப்டன் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "தீகன் குள்ளம்! பீப்பாய் மாதிரி அகலம், பீப்பாய் உயரம்! ரொம்ப நன்றிடா கிளெப், எனக்கு இது தோணவே இல்ல."

ஸோயா மக்காரவ்னா திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் நூறு எரிந்த வீடுகள் தெரிந்தன.

"நம்ம கட்சிக்காரர் யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"பிரஷ்கி ஞாபகம் இருக்கு," என்று முனகினான் கிளெப். உண்மையைச் சொல்லி வேலை இழப்பது அவனுக்குப் பழக்கம். உண்மையைச் சொல்லி இன்னொருவரை உள்ளே தள்ளுவது இதுதான் முதல் தடவை.

"நல்லாப் பாருங்க கேப்டன்," என்றார் ஸோயா மக்காரவ்னா. "துடைச்சது அந்த மட்டத்துல நின்னுடல. மேல மேல போய், கிளெப்போட உச்சந்தலையையும் தாண்டி, கூராப் போய் முடியுது. குள்ளனுக்கு அவ்வளவு உயரத்துல என்ன பாக்க வேண்டியிருக்கு?"

"கை வழுக்கியிருக்கும்."

"மேல்நோக்கியா?"

கேப்டன் தன் கையை ஒருமுறை மேல்நோக்கி வழுக்கிப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார்.

"இன்னொண்ணு. ரெண்டு கையையும் அடைக்கிற குண்டு. கண்ணாடி துடைக்க ஒரு கை வேணும். குண்டை எங்க வெச்சான்? பெஞ்சுல வட்டத் தடம் இல்ல. தரையில உங்க பூட்ஸே இவ்வளவு ஆழமா இறங்கியிருக்கு. ரெண்டு பூது இரும்பு உக்காந்திருந்தா கிண்ணம் மாதிரி குழி விழுந்திருக்கும். அதுவும் இல்ல."

"வெளிய வெச்சுட்டு வந்திருப்பான்."

"திருட்டுப் பொருளைத் தெருவில வெச்சுட்டா?"

"அப்போ ஒத்தக் கையில பிடிச்சிருப்பான். அதனாலதான் சொல்றேன், தீகன்!"

ஸோயா மக்காரவ்னா வாசலைப் பார்த்தார். "இங்கேருந்து வெளிய போக நீர்வாசல் ஒண்ணுதான் வழி. நேத்து அங்க யாரு காவல்?"

"நானே நின்னேன். ஒத்திகைக்காகக் கூட்டம் வந்துச்சுல்ல. ஒருத்தனும் எதையும் தூக்கிட்டுப் போகல. சேனை மட்டும்தான் போச்சு."

"எந்தச் சேனை?"

"நம்ம சேனைதாங்க. அதோ, இன்னிக்கும் கத்திக்கிட்டிருக்காங்க பாருங்க."

*

நிகோலா கோயிலுக்கு முன்னாலுள்ள சதுக்கத்தில் கிரெமென்ஸ்க் சேனை எதிரியை விரட்டிக்கொண்டிருந்தது. எதிரியாக நடிக்க ஒப்புக்கொண்டவர்கள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அதனால் சேனை வெறும் காற்றை விரட்டியது. வரலாற்றுக்கு நெருக்கமான ஒத்திகைதான் என்று கிளெப் நினைத்துக்கொண்டான்.

சேனையில் சேமிப்பு வங்கி ஊழியர்கள், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள், மருந்துக்கடைக்காரர் ஒருவர். எல்லோர் தலையிலும் நீராவிக் குளியலுக்குப் போட்டுக்கொள்ளும் கம்பளித் தொப்பி. நகராட்சியின் கையிருப்பு ஒரே ஒரு தலைக்கவசத்துக்குத்தான் போதுமானதாக இருந்ததாம். அந்த ஒன்றைத் தளபதி போட்டிருந்தார்.

தளபதி வேறு யாருமல்ல, நகராட்சியின் கலாச்சாரத் துணைத்தலைவர் தெம்யான் குஸ்மிச். ஊர்க் கதைப்படி பழைய தளபதி ஆறடிக்கு மேல் வளர்ந்த மாமலை. தெம்யான் குஸ்மிச் கிளெப்பின் நெஞ்சு உயரம். ஆனால் வேடத்தைப் பங்கிட்டுக் கொடுத்ததும் அவரேதான்.

கிளெப் அவரைப் பார்த்தான். உருண்டு எழுந்து கூராக முடிந்த அந்தத் தலைக்கவசம், பின்னாலிருந்த கோயிலின் வெங்காயக் கும்மட்டத்தை அப்படியே சின்னதாக்கி வைத்ததுபோல இருந்தது. அவர் கையில் கேடயம். ஒருபக்கம் உருண்டை, மறுபக்கம் கூர்.

"ஸோயா மக்காரவ்னா," என்றான் மெதுவாக. "இஸ்திரிப்பெட்டி கிடைச்சிருச்சு."

"எனக்கும் கண் இருக்கு. கேப்டன், நேத்து நீர்வாசல் வழியா சேனை போனப்போ தளபதி கையில எதாவது இருந்துச்சா?"

"தளபதி கையில என்னங்க இருக்கும்? கத்தி, கேடயம், குண்டு."

சதுக்கத்தில் சேனை ஒருமுறை 'ஹுர்ரா' என்று கத்தி ஓய்ந்தது.

"குண்டு?" என்றார் ஸோயா மக்காரவ்னா.

"தளபதி பின்ன முட்டைக்கோஸையா தூக்கிட்டுப் போவாரு? முதல்ல குண்டோட வந்தாரு. 'அடடா, கேடயம்'னு சொல்லிட்டு அப்படியே திரும்பி ஓடினாரு. மறுபடி கேடயத்தோட வந்தாரு. அவர் கை ரெண்டும் அடைஞ்சிருந்ததால நான்தான் கதவையே தள்ளி விட்டேன். சல்யூட் வேற..."

சொல்லி முடித்த வாக்கியம் அப்போதுதான் சுற்றி வந்து கேப்டனின் காதிலேயே நுழைந்தது. அவர் முகம் சுண்ணாம்படித்த கூரை மாதிரி ஆயிற்று.

"அப்போ திருட்டுன்னு புகாரே வரலைங்க," என்றார். "புகார் வராத நேரத்துல அது எப்படித் திருட்டுக் குண்டாகும்?"

"சட்டப்படி சரிதான்," என்றான் கிளெப். "சல்யூட் நல்லா விறைப்பா அடிச்சீங்களா?"

"டேய், வேணாம்டா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"நீங்க போய் ஒரு பிரஷ்கி சாப்பிடுங்க கேப்டன்," என்றார் ஸோயா மக்காரவ்னா. "கூப்பிடும்போது வாங்க. அதுவரைக்கும் உங்க சல்யூட்டைப் பத்தி நானும் யாருக்கும் சொல்லப் போறதில்ல."

கேப்டன் போனதும் கிளெப் தலையைச் சொறிந்தான். "எல்லாம் பொருந்துது. ஒண்ணு மட்டும் உதைக்குது. அந்த மனுஷனுக்குத் தலைக்கவசமே கழுத்தை அமுக்குது. ரெண்டு பூது குண்டை எப்படிங்க தூக்கினாரு?"

"அதைக் கேக்கத்தானே போறோம்."

*

நீர்வாசலின் மேல்தள அறையைத் தளபதியின் ஒப்பனை அறையாக மாற்றியிருந்தார்கள். தெம்யான் குஸ்மிச் தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார். கழற்றினால் பதவி பாதியாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"நான் அவசர வேலையா இருக்கேன். ஊரைக் காப்பாத்திக்கிட்டிருக்கேன்," என்றார்.

"தெரியும்," என்றார் ஸோயா மக்காரவ்னா. "கேடயத்தோட பின்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு. கோபுரத்துப் பெஞ்சுல கேடயத்தோட அச்சு. கண்ணாடியில உங்க முகமும் அதுக்கு மேல அந்தக் கவசமும். வாசல்ல சாட்சி. வேற எதாவது வேணுமா?"

"கண்ணாடியா?" தெம்யான் குஸ்மிச்சின் குரல் இறங்கியது. "திரும்பி வந்தா பாக்காம எப்படிங்க போறது? காரியம் கெட்டுப் போயிடாதா?"

"பாத்துதான் கெட்டுப் போச்சு," என்றான் கிளெப்.

தளபதி பெருமூச்சு விட்டார். எழுந்து, பெட்டியைத் திறந்து, இரு கைகளாலும் கறுத்த குண்டை வெளியே எடுத்தார். "இந்தா, பிடி!" என்று கிளெப்பை நோக்கி வீசினார்.

ஒரு கணத்தில் கிளெப் தன் கால்விரல்கள், பல், எதிர்காலம் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டான். காலை அகட்டி, மூச்சைப் பிடித்து, முப்பது கிலோ இரும்பைத் தாங்குவதற்காக முழு பலத்தோடு கைகளை மேலே உந்தினான். வந்து விழுந்தது ஒரு ரொட்டியின் எடை. தாங்க எதுவும் இல்லாததால் உந்திய வேகத்தில் அவனே பின்னால் சாய்ந்து, சுவரோரம் சாத்திவைத்திருந்த ஈட்டிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தான். குண்டு அவன் மடியில் ஒரு துள்ளு துள்ளி நின்றது.

அதன் அடிப்பக்கம் வண்ணம் உரிந்திருந்தது. உள்ளே பசை போட்டு ஒட்டிய பழைய செய்தித்தாள். 'பீட்ரூட் அறுவடையில் நம் வட்டாரம் மீண்டும் முன்ன' என்பதுவரை படிக்க முடிந்தது.

"பல வருஷத்துக்கு முன்னால ஒரு பெரிய விழாவுக்கு நாடக மன்றத்துல செஞ்சது," என்றார் தெம்யான் குஸ்மிச். "அந்தச் சுவர்ல இருக்கிறது பழைய சமையல்கட்டு சாக்கடை ஓட்டை. வெறுமனே இருந்தா நல்லா இல்லியேன்னு இதைச் சொருகி வெச்சாங்க. விழா முடிஞ்சுது, எடுக்க மறந்துட்டாங்க. அப்புறம் அதுக்கொரு கதை வந்துச்சு, பலகை வந்துச்சு, மணப்பெண்ணுங்க வந்தாங்க. இப்போ மாஸ்கோக்காரன் காந்தத்தையும் தராசையும் எடுத்துக்கிட்டு வரான்! நான் என்ன பண்ணட்டும்? போலின்னு தெரிஞ்சா ஊர் மானம் போச்சு. திருடு போயிட்டா? திருடு போன குண்டை எவன் எடை போடுவான்? திருடு போனது காலாகாலத்துக்கும் அசல்தான்!"

கிளெப் ஈட்டிகளுக்கு நடுவிலிருந்து அவரை மரியாதையோடு பார்த்தான். ஊரில் இவ்வளவு யோசிக்கத் தெரிந்த ஒருவர் பதவியில் இருக்கிறார் என்பதே அவனுக்குச் செய்தி.

"தீகன்?" என்றார் ஸோயா மக்காரவ்னா.

"விழா முடிஞ்சதும் விட்டுரச் சொல்லலாம்னு..."

"அவரைத் திங்கட்கிழமை காலையில வண்டியில ஏத்துறாங்க. விழா முடிஞ்ச மறுநாள் நீங்க கண்ணு திறக்கவே மத்தியானம் ஆகும். ஊர் மானத்தைக் காப்பாத்த இன்னொரு மனுஷனோட வீட்டை வித்திருக்கீங்க."

தலைக்கவசம் குனிந்தது. கூர்முனை ஸோயா மக்காரவ்னாவைச் சுட்டியது. அவர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

"எனக்குப் புரியல," என்றான் கிளெப் எழுந்துகொண்டே. "இது காகிதம்னு தீகன் ஒரு வார்த்தை சொன்னா போதுமே? பழைய பேப்பரைத் திருடினதுக்கு எவன் ஜெயில்ல போடுவான்? அவருக்குத் தெரியாம இருக்க வழியே இல்ல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவரேதான் ஒத்தக் கையால..."

அங்கேயே நின்றுவிட்டான்.

"சொல்லு," என்றார் ஸோயா மக்காரவ்னா.

"தெறிச்ச பொத்தான்," என்றான் கிளெப். "எவனாலயும் தூக்க முடியாதுன்னு நெஞ்சை நிமித்தினாரே. பெலகேயா சித்தி அவரைக் கட்டிக்கிட்டதே அந்தக் குண்டைத் தூக்கினதைப் பாத்துதான். ஊருக்கே தெரிஞ்ச கதை. மத்த ரெண்டு பேரை வேண்டாம்னுட்டு..."

"உண்மையைச் சொன்னா அவரு ஜெயில்லேருந்து வெளிய வருவாரு," என்றார் ஸோயா மக்காரவ்னா. "அப்புறம் வீட்டுக்குள்ள எந்த மூஞ்சியோட நுழைவாரு? அதனாலதான் வாயைத் திறக்கல. நாமளும் திறக்கப் போறதில்ல."

கிளெப் குண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காலையில் கோபுரத்தில் வாயைத் திறந்த பாவம் இன்னும் தீரவில்லை. இப்போது அவன் கையில் இருந்தது முழு உண்மை. ரொட்டி எடை. சதுக்கத்தில் போய் நின்று ஒருமுறை மேலே எறிந்து பிடித்தால் போதும், அவனை வேலையை விட்டுத் துரத்திய ஊர் மொத்தமும் வாயடைத்துப் போகும். கை பரபரத்தது.

"கிளெப்," என்றார் ஸோயா மக்காரவ்னா.

"குடுத்துட்டேன், குடுத்துட்டேன்." குண்டைத் தளபதியின் மடியில் வைத்தான். "பிடிங்க. கனம், பாத்து."

"தெம்யான் குஸ்மிச்," என்றார் ஸோயா மக்காரவ்னா. "எப்படிக் கொண்டு வந்தீங்களோ அப்படியே கொண்டு போய் வெச்சிடுங்க. இப்பவே, தீகன் உள்ள இருக்கும்போதே. இந்தத் தடவை எதையும் மறக்காதீங்க."

*

பட்டப்பகலில், சதுக்கத்தின் நடுவே, கிரெமென்ஸ்க் ஊரே தேடிக்கொண்டிருந்த குண்டை இடுக்கிக்கொண்டு தளபதி நடந்து போனார். ஐஸ்கிரீம் வண்டிக்காரி வழிவிட்டாள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வணக்கம் சொன்னாள். காணாமல் போன குண்டின் படம் ஒட்டிய கம்பத்தடியில் நின்று இருவர் தலைக்கவசத்தின் வேலைப்பாட்டைப் பாராட்டினார்கள். கிளெப் பின்னாலேயே நடந்தான். இந்தக் கோட்டையை எவனும் பிடிக்காததில் ஆச்சரியமே இல்லை, பிடித்திருந்தாலும் இவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள் என்று பட்டது.

தளபதி கோபுரத்துக்குள் போய் வெறுங்கையோடு வெளியே வந்தார். நாலடி நடந்தவர், "அடடா, கேடயம்!" என்று திரும்பி ஓடினார். இன்னொருமுறை வெளியே வர அதிக நேரம் எடுத்துக்கொண்டார். கண்ணாடியின் இன்னொரு பக்கமும் இப்போது துடைபட்டிருக்கும்.

கேப்டன் துப்கினைக் கூப்பிட்டார்கள். அவர் ஓட்டையைப் பார்த்தார். ஓட்டையில் குண்டு இருந்தது.

"எப்படி வந்துச்சு?"

"அதுதான் நானும் கேக்கறேன்," என்றார் ஸோயா மக்காரவ்னா. "உங்க திருடன் உங்க லாக்கப்புல பூட்டிக் கிடக்கான். குண்டு இங்க வந்து உக்காந்திருக்கு. அப்போ திருடன் அவன் இல்லியே?"

"ஆனா இதை வேற எவனாலயும் தூக்க..." கேப்டன் முன்னால் வந்தார். "இதை நான் ஸ்டேஷனுக்குக் கொண்டு போகணும். ஆதாரம்."

யாரும் தடுப்பதற்குள் குண்டை இரு கைகளாலும் பற்றி, தம் பிடித்து, உருவினார்.

குண்டு அவர் கையோடு அரையடி சுலபமாக வந்து நின்றது. கேப்டன் அதைப் பார்த்தார். ஸோயா மக்காரவ்னாவைப் பார்த்தார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சேனையைப் பார்த்தார். தான் தள்ளி விட்ட கதவும் அடித்த சல்யூட்டும் அவர் கண்முன் வரிசையாக வந்து போவது கிளெப்புக்கே தெரிந்தது.

"அம்மாடி!" என்று முனகினார் கேப்டன். நெற்றியில் இல்லாத வியர்வையைத் தோளால் துடைத்தார். "என்னா கனம்! இடுப்பே போச்சு." குண்டை மிகுந்த சிரமத்தோடு உள்ளே தள்ளினார். "இதை அசைக்கவே முடியாது. இங்கயே சீல் வெச்சிடுறேன். விசாரணை முடியற வரைக்கும் ஒரு பய தொடக்கூடாது."

"மாஸ்கோ நிபுணர்?" என்று வாசலிலிருந்து தெம்யான் குஸ்மிச்சின் குரல் நடுங்கியது.

"அந்த ஆளும்தான். போலீஸ் சீல். கண்ணால பாத்துக்கட்டும்."

"விசாரணை எப்போ முடியும்?" என்றான் கிளெப்.

"திருடன் கிடைச்சதும்," என்றார் கேப்டன், தளபதியைப் பார்க்காமல்.

சிவப்பு அரக்கு உருகி, குண்டின்மேலும் சுவரின்மேலும் சேர்ந்து இறுகியது. முற்றுகைகளின் காலத்தில் இந்தக் கோட்டைக்கு இவ்வளவு உறுதியான பாதுகாப்பு கிடைத்ததே இல்லை.

*

சாயங்கால வெயிலில் தீகன் வெளியே வந்தார். நேராகக் கோபுரத்துக்குத்தான் போனார். சீலைப் பார்த்ததும் அவர் தோள்கள் தளர்ந்ததை, அவர் மூச்சு விட்டதை, கிளெப் கவனித்தான்.

"சீல் வெச்சுட்டாங்களே," என்று தீகன் கூட்டத்தைப் பார்த்துக் கை விரித்தார். "இல்லன்னா இப்பவே தூக்கிக் காட்டியிருப்பேன்."

"தூக்கினது போதும், இடுப்பைப் பாருங்க," என்று பெலகேயா அவர் சட்டையைப் பிடித்துத் திருப்பினாள். "பொத்தான் எங்க? போங்க, உள்ள போய் சூப்பைக் குடிங்க."

அவர் வீட்டுக்குள் போனதும் தட்டைக் கிளெப்பிடம் நீட்டினாள். சூடாக இன்னும் நிறைய இருந்தது. அவன் ஒன்றை எடுத்து ஒரு கடி கடித்தான்.

"உன் வாய் சும்மா இருந்துச்சாமே. ஸோயா மக்காரவ்னா சொன்னாங்க."

"என்ன விஷயமா, சித்தி?" என்றான் எச்சரிக்கையாக.

பெலகேயா வீட்டு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "பனி உருகினப்போ அந்தக் கோபுரம் ஒழுகி, குண்டு நனைஞ்சு, மாவு மாதிரி உப்பிடுச்சு. பாத்தா எனக்கே அழுகை வந்துடுச்சு. இவரு சந்தைக்குப் போன நேரமாப் பாத்து எடுத்துட்டு வந்து, காயவெச்சு, கறுப்புப் பூசி, திரும்பக் கொண்டு போய் வெச்சேன். இவருக்கு இன்னிவரைக்கும் தெரியாது."

கிளெப்புக்கு மெல்லுவது மறந்தது. "அப்போ போலீஸ்கிட்ட நீங்களே சொல்லியிருக்கலாமே! அப்பவே விட்டிருப்பாங்க!"

"விட்டிருப்பாங்க. அந்த மனுஷன் வீட்டுக்கு வந்திருப்பாரா?"

ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டான். "எங்க காயவெச்சீங்க?"

"எங்க காயவெப்பாங்க? அடுப்புலதான்."

கிளெப் குனிந்து, கையிலிருந்த பிரஷ்கியைப் பார்த்தான். அது கிடந்த தட்டைப் பார்த்தான். தட்டின் நடுவில், எவ்வளவு தேய்த்தும் போகாத கறுத்த வட்டம் ஒன்று இருந்தது.

"இந்தத் தட்டுலயா?"

"எங்கிட்ட வேற தட்டு ஏதுடா?"

வாயில் இருந்ததை வைத்துக்கொண்டு அவன் சற்று யோசித்தான். ஊர் மொத்தமும் இத்தனை காலமாக விழுங்கிக்கொண்டிருப்பதுதான்.

அவனும் விழுங்கினான்.